ஆறு டன்னுக்குள்

ஆறு மாதம் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது என்று சிடூனா ஆஸ்பத்திரி டாக்டர் என் புருஷன் டாரலிடம் சொன்னாள். அவன் தலையை ஆட்டினான். பங்கில் டீசல் பிடித்துக்கொண்டிருக்கும்போதே மயங்கிச் சரிந்து, நெற்றியில் தையலோடு உட்கார்ந்திருப்பவன் வேறென்ன செய்வான்? உயிருக்கு ஒன்றுமில்லை, மருந்து சாப்பிட்டால் போதும் என்றும் சொல்லிவிட்டாள். ஆனால் பிரச்னை வேறு. எங்கள் வீடு வெளியே கார் நிறுத்துமிடத்தில் சக்கரங்களின் மேல் நின்றுகொண்டிருந்தது.

காட்டுப் பாதைக்கென்றே கட்டிய கேரவன் அது. மூன்று டன்னுக்கு மேல் கனம், எங்கள் நாலு சக்கர வண்டிதான் அதை இழுத்துப் போகும். பெண்டிகோ வீட்டை விற்றுவிட்டு அதில் குடியேறி நாலு வருஷமாகிறது. ஓட்டுவது டாரல், பக்கத்தில் உட்கார்ந்து டீ ஊற்றிக் கொடுப்பது நான். அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

விஷயம் தெரிந்த உடனே அடிலெய்டிலிருந்து மகன் கிரெய்க் போன் செய்தான்.

"சனிக்கிழமை ஃப்ளைட்ல வர்றேன். கேரவனை நானே இங்க இழுத்துட்டு வந்துடுறேன். வாங்கறதுக்கு ஆள் இருக்கு. உங்களுக்குப் பின்னாடி ரூம் ரெடி. புதுசா கார்பெட் கூடப் போட்டாச்சு."

அந்த ரூமை எனக்குத் தெரியும். கார் ஷெட்டை மாற்றிக் கட்டியது. ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுத் தகர வேலி தெரியும். என் பிள்ளை நல்லவன், அதுதான் தொல்லை. கெட்டவனாக இருந்தால் ஒரு சண்டையில் தீர்த்துவிடலாம்.

"சரிப்பா" என்றான் டாரல், போனைப் பார்த்துக்கொண்டே.

"என்ன சரி?" என்று நான் போனைப் பிடுங்கினேன். "எஸ்பெரன்ஸ் பக்கத்துல கடற்கரை முகாமைப் பார்த்துக்கிறதா வாக்குக் கொடுத்திருக்கோம். கக்கூஸ் கழுவிப் போட்டா சும்மா தங்கிக்கலாம். போறோம். நான் இழுக்கிறேன்."

அந்தப் பக்கம் சிரிப்பு. இந்தப் பக்கமும் சிரிப்பு. அப்பனும் பிள்ளையும் மனசார ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான்.

"அம்மா, நல்லார்பார்ம்மா அது. ஆயிரத்து இருநூறு கிலோமீட்டர் பொட்டல். காத்து தள்ளும், லாரி தள்ளும்."

"ஸ்கூல் கேன்டீன்ல ஐநூறு வாண்டுகளை வரிசையில நிக்க வச்சவடா நான். நீ டிக்கெட்டை கேன்சல் பண்ணு."

கேன்சல் பண்ணினானா என்று தெரியாது. அவனுக்கு அப்பனின் மண்டை.

மறுநாள் கால்பந்து மைதானத்தை ஒட்டிய காலி இடத்தில் கேரவனைப் பின்னால் எடுத்துப் பழகினேன். இத்தனை வருஷமும் ஒவ்வொரு முகாமிலும் பின்னால் நின்று கையைக் காட்டியவள் நான். 'எந்தப் பக்கம்னு சொல்லித் தொலையேன், உன் இடதா, என் இடதா?' என்று ஊர் பார்க்கத் திட்டு வாங்கியவளும் நான்தான். இப்போது டாரல் பின்னால் நின்று காற்றில் எதையோ எழுதிக்கொண்டிருந்தான்.

"யோவ், ஈ ஓட்டுறியா, வழி காட்டுறியா?" என்றேன். மனசு குளிர்ந்தது. மூன்று மணி நேரத்தில் நேராகப் பின்னுக்கு எடுக்க வந்துவிட்டது. ஒரு குப்பைத் தொட்டியைச் சாய்த்தேன். அதை நிமிர்த்தியும் வைத்தேன்.

ஆனால் என்னிடம் ஒரு நிபந்தனை இருந்தது. எடை போடாமல் நான் ரோட்டில் ஏற மாட்டேன். வேகம் தொண்ணூறைத் தாண்டினால் யாரோ எங்கள் இடுப்பைப் பிடித்து ஆட்டுவதுபோல ஒரு ஆட்டம் வரும். எனக்கு அது நாலு வருஷமாகத் தெரியும். கேட்கும்போதெல்லாம் காற்று என்பான் டாரல். காற்றில்லாத நாளிலும் ஆடியது.

"எதுக்கு எடை? நம்ம வண்டி மூணரை டன் இழுக்கும். புத்தகத்துலயே போட்டிருக்கான்" என்றான்.

"புத்தகத்தை நீ எப்ப படிச்சே?"

கோதுமைக் கிடங்கு எடைமேடையில் லியான் என்ற பெண் இருந்தாள். அறுவடைக் காலம் இல்லாததால் கையில் பின்னலோடு உட்கார்ந்திருந்தாள். முதலில் எல்லாவற்றையும் சேர்த்து ஏற்றினாள். பிறகு கேரவனைத் தனியாக, வண்டியைத் தனியாக, கடைசியில் வண்டியோடு மாட்டுகிற கேரவன் மூக்கை மட்டும். பின்னலைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தாள்.

"ஆறாயிரத்து நானூத்திப் பத்து கிலோ. உங்க வண்டியும் கேரவனும் சேர்ந்து ஆறாயிரத்தைத் தாண்டக் கூடாது கண்ணு."

"மூணரை டன் இழுக்கும்னு..." என்று டாரல் ஆரம்பித்தான்.

"இழுக்கும், யாரு இல்லன்னா? ஆனா அப்ப வண்டிக்குள்ள நீங்களும் உங்க மடியில ஒரு சாண்ட்விச்சும்தான் இருக்கலாம். முன்னாடி இரும்புக் கம்பி, மேல கூடாரம், பின்னாடி ஃப்ரிட்ஜ், ரெண்டு டேங்க் டீசல், அதெல்லாம் யாரு கணக்கு?" அவள் என் பக்கம் திரும்பினாள். "அதைவிட மோசம் ஒண்ணு இருக்கு. மூக்குல எடையே இல்லை. மொத்தத்துல பத்துல ஒரு பங்காவது கொக்கி மேல உக்காரணும். சாமானையெல்லாம் பின்னாடி கொண்டுபோய்ப் போட்டது யாரு?"

நான் டாரலைப் பார்த்தேன்.

"முன்னாடி வச்சா வண்டி குந்திக்குது" என்றான் மெல்லிய குரலில்.

"குந்துச்சுன்னா பாரம் ஜாஸ்தின்னு அர்த்தம் கண்ணு, இடம் மாத்துன்னு இல்ல. வால் கனத்தா ஆடத்தான் செய்யும். ஒரு நாள் ஆட்டம் நிக்காது, கவுத்துடும். அப்ப இன்சூரன்ஸ்காரன் எடைச் சீட்டைக் கேட்டுட்டுக் கையை விரிச்சிடுவான்."

திரும்பும் வழியில் நான்தான் ஓட்டினேன். எனக்கு வாய்வரை வந்தது. நாலு வருஷம் என்னை ஒரு ஊஞ்சலில் வைத்து ஆட்டியிருக்கிறான், அதற்குக் காற்றைப் பழி சொல்லியிருக்கிறான்! ஆனால் நெற்றித் தையலைப் பார்த்து விழுங்கினேன்.

அன்று பிற்பகல் முகாமில் எங்கள் சாமான்கள் புல்தரையில் பரந்தன. கட்டிலடியில் என் குளியலறைத் தராசு கிடந்தது. என் எடையைப் பார்க்க வாங்கி, பார்த்த பயத்தில் ஒளித்து வைத்தது. அதை வெளியே இழுத்துப் போட்டு ஒவ்வொன்றாக ஏற்றினேன். மூன்று தண்ணீர்த் தொட்டிகளில் இரண்டைக் காலி செய்தேன். என் தையல் மெஷின் போயிற்று. வார்ப்பிரும்புச் சட்டிகளில் ஒன்றைத் தவிர மற்றவை போயின. ஜெனரேட்டரையும் மூட்டை விறகையும் சைக்கிள்களையும் பக்கத்துக் கேரவன்காரர்கள் சந்தோஷமாக எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் கேரவன் எடை என்ன என்று நான் கேட்கவில்லை. கழுதைக்கு உபதேசம் செய்ய எனக்கு நேரமில்லை.

கடைசியில் டாரலின் கருவிப் பெட்டி. முப்பது வருஷம் டிராக்டர் பழுது பார்த்தவனின் பெட்டி. தட்டுத் தட்டாக எடை போட்டால் தொண்ணூறு கிலோ.

"வேண்டாம்" என்றேன்.

"முகாம் ஷெட்ல விட்டுடுறேன்" என்றான். அவ்வளவு சுலபமாக ஒப்புக்கொண்டபோதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். மாடு இளைத்தாலும் கொம்பு இளைக்காது.

சாயங்காலம் லியானிடம் மறுபடி எடை போட்டோம். ஐயாயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பது. மூக்கிலும் சரியான கனம். அவள் மேடையிலிருந்தபடியே கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள்.

விடிந்ததும், நான் குளித்துவிட்டு வருவதற்குள் டாரல் கேரவனை வண்டியில் மாட்டி, சங்கிலி போட்டு, விளக்குகளைச் சரிபார்த்து வைத்திருந்தான். பரவாயில்லையே, மனுஷன் திருந்திவிட்டான் என்று நினைத்துக்கொண்டு ஏறினேன்.

முதல் இருநூறு கிலோமீட்டர் கைகள் ஸ்டியரிங்கில் ஒட்டிக்கொண்டன. பிறகு மெதுவாகத் தோள் இறங்கியது. மரங்கள் குட்டையாகி, பிறகு இல்லாமலே போயின. தெற்கிலிருந்து கடல்காற்று அறைந்தது. தொண்ணூறில் வைத்திருந்தேன். லேசாக, மிக லேசாக, அந்தப் பழைய ஆட்டம் தெரிந்தது.

"காத்து" என்றான் டாரல்.

எதிரே இரட்டைப் பெட்டி லாரி ஒன்று வந்தது. வண்டிக்கு வண்டி பேசிக்கொள்ளும் ரேடியோவில் அதன் ஓட்டுநர் குரல்: "கேரவன்காரரே, கெட்டியாப் பிடிச்சுக்கோ மச்சான், வர்றேன்." கடந்து போனான். அவனோடு வந்த காற்று எங்களை முதலில் தள்ளி, பிறகு இழுத்தது. கண்ணாடியில் பார்த்தேன். என் வீடு இடது பக்கம் தெரிந்தது, அப்புறம் வலது பக்கம், திரும்ப இடது பக்கம், ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் வெளியே. வண்டியின் பின்பக்கம் என் கட்டுப்பாட்டிலிருந்து நழுவியது.

"பிரேக்! பிரேக் போடு!" என்று டாரல் கத்தினான்.

போடவில்லை. அப்போது பிரேக்கை மிதித்தால் மடங்கிக் கவிழ்வோம் என்று புத்தகத்தில் இருந்தது. நான் படித்திருந்தேன். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு காலை மட்டும் எடுத்தேன். முழங்காலுக்குப் பக்கத்தில், கேரவனுக்கு மட்டும் பிரேக் பிடிக்கும் சின்ன விசை இருந்தது. 'அதைத் தொட்டுடாதே' என்று நாலு வருஷம் சொல்லப்பட்ட விசை. அதை அழுத்தினேன். பின்னாலிருந்து யாரோ பிடித்து இழுத்தமாதிரி இருந்தது. ஒரு ஆட்டம், இன்னும் ஒரு சின்ன ஆட்டம். பிறகு கேரவன் நேராக எங்கள் பின்னால் வந்தது.

அடுத்த ஒதுங்குமிடத்தில் நிறுத்தினேன். இறங்கினேன். நேராகக் கேரவனின் பின்பக்கம் போய், காலியாக இருக்க வேண்டிய பம்பர்ப் பெட்டியைத் திறந்தேன். அத்தனை ஸ்பானர்களும் எண்ணெய் பூசிப் பளபளவென்று கிடந்தன. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறான்!

"டாரல்!"

வந்து நின்றான். காற்றில் அவன் சட்டை படபடத்தது.

"ரெண்டு பேரையும் கொன்னிருப்பியே! எதுக்குய்யா? இந்த இரும்புக்காகவா?"

"வண்டி ஓட்ட முடியாது" என்றான். "எடையும் நீதான் போட்டே, பின்னுக்கும் நீதான் எடுத்தே. வழியில ஏதாவது உடைஞ்சா நான் சரி பண்ணுவேன்னு நினைச்சேன். இதுவும் இல்லன்னா நான் எதுக்கு நொலீன்? கிரெய்க் வீட்டு ரூம்லயே உக்காந்துக்கலாமே." மூக்கை உறிஞ்சினான். "தப்புதான். எல்லாத்தையும் இங்கேயே இறக்கிடுறேன்."

கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. இருக்கத்தான் செய்தது, ஆனால் அதற்கு மேல் இன்னொன்று ஏறி உட்கார்ந்துகொண்டது. எனக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே மனதில் கணக்குப் போட்டேன். ஐயாயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதோடு தொண்ணூறு சேர்ந்தால் ஆறு டன்னுக்கு மேல் முப்பது கிலோ அதிகம்.

கேரவனின் பக்கவாட்டில் குனிந்து மூன்றாவது தொட்டியின் குழாயைத் திறந்துவிட்டேன். தண்ணீர் செம்மண்ணில் விழுந்து ஓடியது.

"என்னம்மா பண்றே? அது குளிக்கிற தண்ணி!"

"அறுபது லிட்டர் போகட்டும். குடிக்கிறதுக்கு வண்டியில தனியா இருக்கு. பொட்டலைத் தாண்டி நார்ஸ்மன் போற வரைக்கும் நான் குளிக்கப் போறதில்லை, நீயும் குளிக்கப் போறதில்லை. நாறினா பொறுத்துக்கோ." முகத்தைத் துடைத்துக்கொண்டேன். "உன் ஸ்பானர் இல்லாம நான் எங்கேயும் போக மாட்டேன்யா. ஆனா ஒளிச்சு வச்சா நாம ரெண்டு பேருமே எங்கேயும் போய்ச் சேர மாட்டோம். எடு. எல்லாத்தையும் எடுத்து நடுவுல, சக்கரத்துக்கு நேர் மேல, தரையில அடுக்கு. மேல கட்டு. இனிமே ஒரு ஆணி ஏத்தினாலும் எங்கிட்ட சொல்லிட்டு ஏத்து."

அவன் அடுக்கினான். கனமானதை நான் தூக்கிக் கொடுத்தேன். பட்டை போட்டு இறுக்கிவிட்டு, இரண்டு தடவை இழுத்துப் பார்த்தான்.

மேற்கு ஆஸ்திரேலிய எல்லையில், வெளியூர்ப் பூச்சி வராமல் தடுக்கும் சோதனைச் சாவடியில், உருளைக்கிழங்கையும் தேனையும் பிடுங்கிக்கொண்டார்கள். மூன்று கிலோ குறைந்தது என்று நான் மகிழ்ந்தேன். அதன்பிறகு எத்தனையோ லாரிகள் கடந்தன. கேரவன் ஆடவில்லை. ஒரு குழியில் விழுந்து பின்விளக்கு அணைந்தபோது டாரல் ஸ்பானரோடு இறங்கிச் சரிசெய்துவிட்டு, எண்ணெய்க் கையோடு வந்து ஏறினான். ரொம்ப நேரம் விசிலடித்துக்கொண்டிருந்தான்.

நார்ஸ்மனுக்குக் கொஞ்சம் முன்னால், சாலையோரம் எடைத்தட்டுகளைப் பரப்பி வைத்துக்கொண்டு அதிகாரிகள் கேரவன்களை ஒதுக்கிக்கொண்டிருந்தார்கள். எங்களையும் கைகாட்டினார்கள். தொப்பி போட்ட இளைஞன் ஒருவன் டாரல் பக்க ஜன்னலில் குனிந்தான்.

"வண்டியைத் தட்டு மேல ஏத்துங்க ஐயா. எவ்வளவு எடைன்னு ஏதாவது தெரியுமா?"

"என்னைக் கேக்காதீங்க தம்பி. கேப்டன் அந்தப் பக்கம்."

"ஐயாயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபது. அதுல டீசல் கொஞ்சம் தீர்ந்திருக்கும்" என்றேன்.

ஏற்றினேன். அவன் எண்களைக் கூட்டினான், சக ஊழியனிடம் காட்டினான், திரும்பி வந்தான்.

"காலையிலேருந்து நிறுத்தினதுல சரியா இருக்கிற முதல் கேரவன் உங்களுதுதாம்மா. போயிட்டு வாங்க."

நான் கிளப்பும் முன்பே போன் அடித்தது. அன்று சனிக்கிழமை. டாரல் எடுத்து, எனக்கும் கேட்கும்படி வைத்தான்.

"அப்பா, ஏர்போர்ட்ல நிக்கிறேன். கேரவனைக் கழட்டிடாதீங்க, அப்படியே இருக்கட்டும். இன்னும் ரெண்டு மணி நேரத்துல சிடூனா வந்துடுவேன்."

"வராதடா" என்றான் டாரல். "நாங்க நார்ஸ்மன் பக்கத்துல இருக்கோம்."

"யாரு இழுத்தா?"

"உங்கம்மா."

"அவ்வளவு தூரமா? ஒண்ணும் ஆகலியே?"

டாரல் என்னைப் பார்த்தான். நான் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

"பின்விளக்கு ஒண்ணு போச்சு. அதை நான் பார்த்துட்டேன்" என்றான். "கிரெய்க், அந்த ரூமை வாடகைக்கு விட்டுடு."

"சரிப்பா" என்றான் என் பிள்ளை.

நான் இண்டிகேட்டரைப் போட்டேன். பின்னால் வண்டி எதுவும் வரவில்லை என்று டாரல் தலையைத் திருப்பிப் பார்த்துச் சொன்னான். ரோட்டில் ஏறினோம்.