ஒன்பது நாள் கிடந்த கடிதம்

தோட்டத்து ஒப்பீஸ் வராந்தாவில் நின்றபடி சுலக்ஷனா கடிதத்தை மூன்றாவது தடவையும் வாசித்தாள். முகாமைத்துவ உதவியாளர் பதவிக்கான நேர்முகப் பரீட்சை, கண்டி, பன்னிரண்டாம் திகதி, காலை ஒன்பது மணி. இன்று பதின்மூன்று.

உறையின் மேல் ஒப்பீஸ் முத்திரை குத்தியிருந்தது. கடிதம் நான்காம் திகதியே வந்துவிட்டது. அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தோட்டங்கள் பலவற்றில் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வீடுகளுக்குத் தபால்காரர் வருவதில்லை. எல்லாம் ஒப்பீசுக்கு வந்து, அங்கிருந்துதான் கைக்குக் கிடைக்கும்.

"கிளாக்கரையா, எட்டாந் திகதி நான் வந்து கேட்டேனே. ஒண்ணும் வரலன்னு சொன்னீங்களே!"

கிளாக்கர் ஜெயகாந்தன் பேரேட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "பைலுக்கு அடியில மாட்டிக்கிச்சு தங்கச்சி. வேணும்னேவா செஞ்சேன்?"

அடுத்த மாதம் அவளுக்கு முப்பது வயது முடிகிறது. அதோடு வயதெல்லையும் முடிகிறது. போட்டிப் பரீட்சையை மூன்று தடவை எழுதி, மூன்றாவதில்தான் பாஸ். கடிதத்தில் இருந்த இலக்கத்துக்கு அங்கேயே போன் எடுத்தாள். எடுத்த பெண் சிங்களத்தில் பொறுமையாகவே பேசினாள். நேர்முகத்துக்கு நாளைதான் கடைசி நாள் என்றாள். கடிதம் தாமதமாகக் கிடைத்ததற்குத் தோட்டத்திலிருந்து எழுத்தில் ஏதாவது கொண்டு வந்தால் நேர்முகச் சபையிடம் கேட்டுப் பார்க்கலாம்.

"ஒரு வரி எழுதித் தாங்கய்யா."

"நான் எழுதினா, ஒப்பீஸ்ல தப்புன்னு நானே கையெழுத்து வச்ச மாதிரி. தொரை என்னை வீட்டுக்கு அனுப்பிடுவாரு. எனக்கும் ரெண்டு புள்ளைங்க இருக்கு."

அதற்குள் விஷயம் கேள்விப்பட்டு, பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு அவளுடைய அம்மா அம்மாக்கண்ணு ஓடி வந்துவிட்டாள். இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கோடு அவள் கிளாக்கரின் காலை நோக்கிக் குனிந்தபோது, சுலக்ஷனா தோளைப் பிடித்து நிறுத்தினாள்.

"விடுடி. என்னைத்தான் நேத்து மொளைச்சவன்லாம் வாடி போடிங்கிறான். கவர்மெண்டு வேலையில ஒக்காந்தா உன்னை ஒருத்தன் அப்படிக் கூப்பிடுவானா? அதுக்கு நான் கால்ல விழுறேன், உனக்கென்ன?"

ஜெயகாந்தன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு ஒரு தாளை இழுத்து எழுதி, முத்திரை குத்தி நீட்டினார். 'மேற்படி கடிதம் நான்காம் திகதி கிடைக்கப்பெற்றது. உரியவர் பதின்மூன்றாம் திகதி வரை வந்து பெற்றுக்கொள்ளவில்லை.'

"இது பொய்யில்லையா?"

"இதுதான் என்னால முடியும். வேணும்னா கொண்டு போ."

கொண்டு போனாள். விடியலில் முதல் பஸ், ஹற்றனில் மாறி அடுத்த பஸ். வழி நெடுக அவள் மனப்பாடம் செய்தது ஒரே ஒரு பதில்தான். அரசாங்க வேலையை ஏன் தெரிவு செய்தாய் என்று நிச்சயம் கேட்பார்கள். 'மக்களுக்குச் சேவை செய்ய' என்று சிங்களத்தில் சொல்ல வேண்டும். எல்லோரும் சொல்லும் பதில்.

சபையில் மூன்று பேர். இரண்டு ஆண்கள், தமிழ் பேசும் ஒரு பெண் அதிகாரி. பகல் சாப்பாட்டுக்குப் பிறகே அவளைக் கூப்பிட்டார்கள். எதிர்பார்த்த கேள்வியே முதலில் வந்தது. வாயைத் திறந்ததும் மனப்பாடம் செய்தது எங்கோ போய்விட்டது.

"எங்கப்பா பேரு வீரய்யா," என்றாள். "பிறப்புப் பதிவுல வீரன்னு எழுதிட்டாங்க. அடையாள அட்டைக்காக ஆறு தடவை கவர்மெண்டு கந்தோருக்கு நடந்தோம். எனக்கு அப்ப பதினாலு வயசு. ஒவ்வொரு தடவையும் இன்னொரு கடுதாசி கொண்டு வா, இன்னொரு ஆளைக் கூட்டிட்டு வான்னு திருப்பி அனுப்புவாங்க. ஆறாவது தடவை அந்தக் கதிரையில வேற ஒரு அக்கா இருந்தாங்க. அப்பாவை ஒக்காரச் சொல்லி, தமிழ்ல பேசி, பத்து நிமிசத்துல முடிச்சிட்டாங்க. அவ்வளவுதான் வேலை. அந்தப் பத்து நிமிசத்தை நானும் யாருக்காவது குடுக்கணும்னு அன்னைக்கு நெனச்சேன்."

பெண் அதிகாரி அதைச் சிங்களத்தில் சொன்னார். சொல்லி முடித்ததும் பேனாவை எடுத்து எதையோ குறித்துக்கொண்டார். சுலக்ஷனாவுக்கு மூச்சு கொஞ்சம் இலகுவானது.

சபைத் தலைவர் தோட்டத்துக் கடிதத்தைக் கையில் எடுத்துச் சிங்களத்தில் கேட்டார். "ஒன்பது நாள் உங்கள் சொந்தக் கடிதத்தையே போய் எடுக்கவில்லை. நீங்கள் மற்றவர்களுடைய பைலை எப்படிப் பார்ப்பீர்கள்?"

தலையைக் குனிந்து மன்னிப்புக் கேட்டிருந்தால் போதும். அவளுக்கும் அது தெரிந்தே இருந்தது. ஆனால் அப்பாவைப் பற்றிப் பேசிய வாயால் அதைச் சொல்ல வரவில்லை.

"நான் எட்டாம் திகதி போய்க் கேட்டேன் சேர். இல்லை என்றார்கள். இதில் எழுதியிருப்பது பொய்."

"பொய் என்று தெரிந்துதான் கொண்டு வந்தீர்களா?"

"இது இல்லாவிட்டால் என்னை உள்ளே விட்டிருக்க மாட்டீர்கள்."

பெண் அதிகாரி தலைவர் பக்கம் சாய்ந்து தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். தலைவர் இல்லை என்று தலையாட்டினார். வெளியே இருக்கச் சொன்னார்கள்.

நாலு மணிக்குப் பெண் அதிகாரியே வெளியே வந்தார். "தாமதத்துக்கு இருந்த ஒரே ஆதாரம் அந்தக் கடிதம்தான் தங்கச்சி. அதைப் பொய்னு நீங்களே சொல்லிட்டீங்க. அப்ப பன்னெண்டாந் திகதி நீங்க வரலங்கிறது மட்டும்தான் மிஞ்சுது. நான் பேசிப் பாத்தேன். முடியல."

"மேடம், அடுத்த மாசம் எனக்கு முப்பது முடியுது."

"தெரியும். விண்ணப்பத்துல பாத்தேன்." அவர் அவள் கையை ஒரு கணம் பிடித்துவிட்டு உள்ளே போனார்.

தோட்டத்துக்குத் திரும்பும் ரோட்டு முடக்கில் பஸ் நின்றபோது, இலேசாகத் தூறிக்கொண்டிருந்தது. அம்மாக்கண்ணு ரோட்டோரம் காத்து நின்றாள். மகள் இறங்கி வந்த விதத்திலேயே அவளுக்குப் பாதி விளங்கியது. மீதியைச் சுலக்ஷனா நின்ற இடத்திலேயே சொல்லி முடித்தாள்.

அம்மாக்கண்ணு முந்தானையால் மகளின் தலையைத் துவட்டினாள்.

"பொய்யி பொய்யாவே இருந்துட்டுப் போகட்டும்னு விட்டிருக்கக் கூடாதா அம்மாடி?"

"விட்டிருக்கலாம்மா."

சுலக்ஷனா ஈரமான மதகுக் கட்டில் உட்கார்ந்து, காலையிலிருந்து அடக்கியதையெல்லாம் அழுது தீர்த்தாள். அம்மாக்கண்ணு அவளைத் தேற்றவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அவளும் அழுதாள்.