கால் தோலா தேரைப் பால்

“தின்னா செத்துருவீங்க சாமி. அப்புறம் போலீசு வந்து எங்களைத்தான் கேக்கும்.”

“நான் தின்னப் போறதில்லீங்க அக்கா.”

“அப்படித்தான் சொல்லுவீங்க. போன வருசம் ஒரு துரை வந்து பட்டாம்பூச்சி வேணும்னாரு. அவரும் தின்ன மாட்டேன்னுதான் சொன்னாரு.”

“தின்னாரா?”

“பெட்டியில போட்டு எடுத்துக்கிட்டுப் போனாரு. கீழ போயி என்ன செஞ்சாரோ, ஆரு கண்டா?”

பாவாயி பலாமரத்தடியில் சாமை புடைத்துக்கொண்டே பேசினாள். எதிரே ஒரு கல்லில் அர்த்தனாரி உட்கார்ந்திருந்தான். ராசிபுரத்துப் பருத்தி மண்டிக்காரர் மகன், திருச்சியில் ரசாயனம் படித்துத் தேறியவன். அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து மலைமேல் ஆலத்தூர் நாடு வரை ஏறி வந்ததில் கால் இரண்டும் கெஞ்சின. ஆனாலும் கழுத்தில் சுற்றிய கம்பளித் துண்டை அவன் அவிழ்க்கவில்லை. அவன் படித்த மொழிபெயர்ப்பு நாவல்களில் மலைக்குப் போகிற இளைஞர்கள் எல்லோரும் கழுத்தில் கம்பளி சுற்றியிருந்தார்கள், இருமினார்கள். வழியில் இரண்டு தரம் அவனும் இருமிப் பார்த்தான். சரியாக வரவில்லை.

வந்த காரியம் பெரியதுதான். இரண்டு வருடத்துக்கு முன்பு, 1934இல், ஜெர்மனியில் தேரைத் தோலின் விஷத்திலிருந்து ஒரு பொருளைப் பிரித்து அதன் அமைப்பைக் கண்டுபிடித்திருந்தார்கள். நம் ஊர்ச் சொறித்தேரையிலும் அதுதான் இருக்கிறதா என்பது அவன் கல்லூரிப் பேராசிரியரின் கேள்வி. அவரிடம் ஆராய்ச்சிக்கு ஒரே ஓர் இடம் இருந்தது. திங்கட்கிழமைக்குள் கால் தோலா எடைக்கு அந்த விஷத்தை, தேரைப் பாலை, காய வைத்துக் கொண்டுவந்தால் அது அர்த்தனாரிக்கு. இல்லாவிட்டால் ஆயுசுக்கும் பருத்தி மண்டி.

“இதைப் பாருங்க அக்கா” என்று குச்சியால் மண்ணில் கீறினான். ஆறு மூலைக் கட்டம் ஒன்று. அதன் ஒரு பக்கத்தைப் பங்கு போட்டுக்கொண்டு ஐந்து மூலைக் கட்டம் ஒன்று. அதிலிருந்து ஒரு வால். வால் நுனியில் நைட்ரஜன். அதைப் பிடித்துக்கொண்டு இரண்டு சின்னக் கொத்து. “விஷத்துக்குள்ள இப்படி ஒண்ணு இருக்குதுங்க. தேரைக்குக் கண்ணுக்குப் பின்னால ரெண்டு கட்டி புடைச்சிருக்குதே, பால் அத்தனையும் அதுலதான்.”

பாவாயி எட்டிப் பார்த்தாள். “எங்க காடும் கொழுந்தனார் காடும் இப்படித்தான் ஒட்டிக்கிட்டுக் கெடக்கும். நடுவுல இருக்குதே, அந்த வரப்புக்குத்தான் நித்தம் சண்டை.”

அர்த்தனாரிக்கு உடம்பு சிலிர்த்தது. பிற்காலத்தில் தன் வாழ்க்கை வரலாற்றை எழுதப் போகிறவர் இந்த இடத்தை எப்படி வர்ணிப்பார் என்று யோசித்தான். அந்த உற்சாகத்தில் விஷத்தின் கொடுமையை அரைமணி நேரம் விவரித்தான். நுரை தள்ளுவது, நெஞ்சு நின்றுபோவது, தேரையைக் கவ்விய நாய் சுருண்டு விழுவது, ஒன்றையும் விடவில்லை. பாவாயி முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

“சரிங்க சாமி” என்றாள் கடைசியில். “மழை வர்ற மாதிரி இருக்குது, தேரையெல்லாம் வெளிய வரும். காலையில நாப்பது தேரை தாரோம்.”

மறுநாள் காலை பாவாயியும் அவள் ஓரகத்தி ராமாயியும் கூடையைக் கொண்டுவந்து வைத்தார்கள். அர்த்தனாரி கண்ணாடித் தகடுகளை வரிசையாகப் பரப்பிக் காத்திருந்தான். கட்டியை அமுக்கினால் பால் தகட்டில் பீச்ச வேண்டும். காய்ந்ததும் செதிலாகச் சுரண்டிக்கொள்ளலாம். அவ்வளவு சுத்தமான தேரைகளை அவன் எங்கும் கண்டதில்லை. தேய்த்த செம்பு மாதிரி மின்னின.

முதல் தேரையை அமுக்கினான். ஒன்றும் வரவில்லை. பத்தாவதிலும் வரவில்லை. நாற்பதாவது தேரை அவன் கம்பளித் துண்டில் சிறுநீர் கழித்தது.

“என்னக்கா, பாலே வரலையே?”

“எப்படி வரும்?” ராமாயிக்குப் பெருமை தாங்கவில்லை. “சொட்டு விடாம அமுக்கி எடுத்துப்போட்டு, சாம்பல் போட்டுத் தேய்ச்சு, ஓடையில ஏழு தண்ணி அலசியில்ல கொண்டாந்திருக்கறோம்!”

“ஏன்?”

“ஏனா? காட்டுக் கெழங்கே ஆனாலும் விருந்தாளிக்கு நஞ்செடுத்துத்தான் குடுப்போம். கெழங்குன்னா வேக வெச்சு ஓடையில போட்டு வெப்போம். இது உசுரோட வேணும்னுட்டீங்க, வேற என்ன செய்யறது?”

“நான்தான் தின்ன மாட்டேன்னு சொன்னேனே!”

“வெக்கப்பட்டுச் சொல்றீங்கன்னு நெனச்சோம்” என்றாள் பாவாயி. “நாய் சுருண்டு விழுகும்னு நீங்கதானே அத்தனை நேரம் சொன்னீங்க கண்ணு? தெரிஞ்சும் அப்படியே குடுப்பாங்களா?”

அப்போதுதான் கவனித்தான். அவள் சேலை முந்தியை ஒரு கண்ணில் ஒற்றிக்கொண்டே இருந்தாள். பால் பீச்சியடித்த கண் சிவந்து வீங்கி, பாதி மூடியிருந்தது. ராமாயியின் விரல்களெல்லாம் தடித்துப் போயிருந்தன.

நாவல்களில் இந்த இடத்தில் நாயகன் மண்டியிடுவான். அவள் கைகளைக் கண்ணீரால் நனைப்பான். அர்த்தனாரி கிழமையை எண்ணினான். இன்று சனி. வற்றிய கட்டியில் பால் மறுபடி ஊற வாரக் கணக்கில் ஆகும். இந்த நாற்பதும் இனி உதவாது. நாளைக் காலை மலை இறங்கினால்தான் திங்கட்கிழமை திருச்சி. இடையில் இருப்பது இன்று ஒரு சாயங்காலம்.

செம்பில் தண்ணீர் மொண்டு அவளிடம் நீட்டினான். அவள் கண்ணில் அள்ளி அடித்துக்கொண்டாள். அடித்து முடிக்கட்டும் என்று காத்திருந்தான். வாயை மூடிக்கொள்வதுதான் மனுஷத்தனம் என்று அவனுக்கு நன்றாகவே தெரிந்தது. தெரிந்தும் என்ன?

“அக்கா” என்றான். “இன்னிக்குச் சாயங்காலமும் மழை வந்தா, வேற நாப்பது புடிச்சுத் தருவீங்களா? கழுவாம?”