டென்னி வாரெலின் விம்மல்

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்திலிருந்து நேராக வந்துவிடுவதாக லோரெட்டா சொல்லியிருந்தாள். வெண்டல் ஹ்ருஸ்கா காலையிலேயே வீட்டைப் பெருக்கினான். ரிக்கார்டு பிளேயரைத் துடைத்து வைத்தான். இந்த வீட்டுக்குள் அடுத்தவர் கால் வைத்து எவ்வளவு நாளாயிற்று என்று யோசித்துப் பார்த்தான். மீட்டர் பார்க்க வருகிறவனைச் சேர்க்காவிட்டால் விடை நன்றாக இல்லை.

அமெரிக்காவில் யங்ஸ்டவுன் என்ற ஊரில் அவன் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறான். லோரெட்டா டிப்போ அலுவலகத்தில் உட்கார்ந்து வயர்லெஸ்ஸில் பேருந்துகளை மேய்ப்பவள். புருஷன் செத்துப்போனவள். வண்டி எண்ணைச் சொல்லித்தான் யாரையும் கூப்பிடுவாள். போன மாதத்திலிருந்து பதினாலாம் எண் வண்டியை மட்டும் "வெண்டல்" என்று கூப்பிட ஆரம்பித்திருந்தாள்.

அதற்குக் காரணம் டென்னி வாரெல் என்ற பழைய பாடகன். அந்தப் பெயரை வெண்டல் டிப்போவில் சொன்னபோது மற்றவர்கள் யாரது என்றார்கள். அவள்தான் "அட, அந்த முடியழகனா!" என்றாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்பதில் டென்னிக்குப் பதினாறு வயது. நாலைந்து இசைத்தட்டு வந்தது. பிறகு குரல் உடைந்ததோ கம்பெனி உடைந்ததோ, ஆளைக் காணோம். வெண்டலின் அக்கா கல்யாணமாகிப் போனபோது அந்தத் தட்டுகளையும் பிளேயரையும் விட்டுவிட்டுப் போனாள். வெண்டல் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டு இரும்பாலைக்குப் போய்க்கொண்டிருந்த சமயம் அது. இப்போது ஆலையே மூடிவிட்டது. டென்னி மட்டும் பாடிக்கொண்டிருக்கிறான்.

பிரமாதமான பாட்டு என்று வெண்டலே சொல்ல மாட்டான். பின்னால் பெண்கள் ஊ என்று இழுப்பார்கள். வயலின்கள் காசில்லாத கம்பெனியின் வயலின்கள். ஆனால் பையனின் குரல் கனமாக, களைத்துப்போனதாக இருக்கும். இரண்டாவது சரணத்தில் ஜன்னல் என்ற சொல்லுக்கு முன்னால் ஒரு விம்மல் வரும். அழுகையை விழுங்கிவிட்டு மேலே பாடுவான். ஆலையிலிருந்து திரும்பிய நாட்களில் அந்த ஒரு இடத்துக்காகவே வெண்டல் முள்ளைத் திரும்பத் திரும்ப வைத்திருக்கிறான். அதை இன்னொருவர் கேட்க வேண்டும். கேட்டுவிட்டு, அடுத்த ஞாயிறும் வரேன் என்று சொல்ல வேண்டும். இதற்குமேல் அவனுக்கு ஆசை இல்லை.

லோரெட்டா வந்தாள். கையில் கண்ணாடிப் பாத்திரம் நிறைய ஹலுஷ்கி, முட்டைக்கோஸும் நூடுல்ஸும் வெண்ணெயில் புரட்டியது.

"இதென்ன வீடா, பல் டாக்டர் கிளினிக்கா? சுவத்துல ஒரு படம்கூட இல்ல."

"உக்காரு."

"உக்காருறேம்பா. எங்க நம்ம டென்னி?"

அவன் முள்ளை வைத்தான். முதல் சரணம்வரை அவள் பொறுத்தாள்.

"வெண்டல், தூக்க மாத்திரை போட்டுட்டா பாடுறான் இவன்?"

"பேசாம கேளு. இப்ப வரும்."

விம்மல் வந்தது. அவன் அவள் முகத்தைப் பார்த்தான். அவள் காலால் தரையில் தாளம் தட்டிக்கொண்டிருந்தாள். தாளம் முன்னால் போய்ப் பாட்டுக்காகக் காத்து நின்றது.

"இது மெதுவா ஓடுதுப்பா."

"மெதுவான பாட்டுதானே."

"மெதுவான பாட்டுதான், அதுவும் மெதுவா ஓடுது. நான் இதுக்கு ஆடியிருக்கேன். வெள்ளிக்கிழமையானா ஸ்கூல் ஜிம்ல டான்ஸ். தரை கீறிடும்னு ஷூவக் கழட்டச் சொல்லிடுவாங்க. வெறும் சாக்ஸோட வழுக்கிக்கிட்டு ஆடுவோம். ஒருத்தன் தோள்ல தலையச் சாய்க்கறதுக்குள்ள இந்தப் பாட்டு முடிஞ்சுபோயிடும். எங்களுக்கு அதான் வயித்தெரிச்சல். ஏன், நீ ஆடினதே இல்லையா?"

அவன் ஆடினதில்லை. மற்றவர்கள் சாக்ஸோடு வழுக்கிய வெள்ளிக்கிழமைகளில் அவன் ஆலையில் இருந்தான். இந்தப் பாட்டை இந்தப் பெட்டியைத் தவிர வேறெங்கும் கேட்டதுமில்லை.

அதற்குள் அவள் தட்டு சுழலும் மேடையைத் தூக்கி உள்ளே பார்த்துவிட்டாள்.

"பாரு, தட்டச் சுத்த வைக்கிற ரப்பர் சக்கரம் வழுவழுன்னு ஆயிடுச்சு. பிடிப்பே இல்ல. எங்க வீட்டுக்காரர் ரேடியோ ரிப்பேர்காரர். நான் அவரோட நடத்தினதவிட ரப்பர் சக்கரத்தோட நடத்தின குடித்தனம்தான் ஜாஸ்தி."

கைப்பையிலிருந்து நகம் தேய்க்கும் அட்டையை எடுத்துச் சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி உரசினாள். ஊதினாள். மேடையைத் திரும்ப வைத்தாள்.

இந்த முறை பாடியது வேறு பையன். குரல் லேசாக இருந்தது. துடுக்காக இருந்தது. தன் குரல் தனக்கே பிடித்திருக்கிற பையன். ஜன்னல் என்ற சொல்லுக்கு முன்னால் சட்டென்று மூச்சு வாங்கினான். மாடிப்படி ஏறி வந்தவன் வாங்குகிற மூச்சு. வேறொன்றும் இல்லை.

"இவன்தான்யா டென்னி!" லோரெட்டா ஷூவை உதறிவிட்டுக் கையை நீட்டினாள். "வா. கழட்டு ஷூவ."

"வேண்டாம்."

"யாரும் பாக்கல, வெண்டல்."

"நல்லா இருந்தத கெடுத்துட்ட."

கை அப்படியே நின்றது. பிறகு கீழே இறங்கியது. சோபா விளிம்பில் உட்கார்ந்து ஷூவை மாட்டிக்கொண்டாள்.

"நான் சரிதான் பண்ணேன்," என்றாள்.

அவள் போன பிறகுதான் பாத்திரத்தைப் பார்த்தான். மறந்து வைத்துவிட்டுப் போயிருந்தாள். நின்றபடியே கொஞ்சம் தின்றான். நன்றாக இருந்தது. மறுபடி பாட்டைப் போட்டு, தட்டின் விளிம்பில் விரலை வைத்து அழுத்திப் பார்த்தான். குரல் குடிகாரனைப் போலத் தள்ளாடியது. விரலை எடுத்தான். பையன் ஓடிவிட்டான். கெட்ட பாட்டில்லை. நன்றாகவே பாடியிருந்தான், பாவம், எந்தக் கவலையும் இல்லாமல். இத்தனை வருஷம் விம்மியது ரப்பர்.

திங்கட்கிழமை பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும்போது வயர்லெஸ் கரகரத்தது.

"வெண்டல், என் பாத்திரம் உன்கிட்ட மாட்டிக்கிச்சே."

பின்னாலிருந்த பிள்ளைகள் ஓ என்று கத்தினார்கள்.

"கழுவி வச்சிருக்கேன்."



"ஞாயித்துக்கிழம வந்து எடுத்துக்கட்டுமா?"

அவன் கேட்க விரும்பிய வார்த்தை அதுதான். பொத்தானை அழுத்திப் பிடித்தான். அவள் வருவாள். பாட்டைப் போடச் சொல்வாள். அது சரியான வேகத்தில் ஓடும். ஷூவைக் கழற்று என்பாள்.

"வேணாம். நாளைக்கு டிப்போவுக்கே கொண்டாந்துடுறேன்."



"சரி, பதினாலு," என்றாள் லோரெட்டா. அடுத்து ஒன்பதாம் எண் வண்டியைக் கூப்பிட்டாள்.