போறேன்னு சொல்லக்கூடாது

ராசிபுரம் தாண்டி நாமக்கல் சாலையில் கார் வேகம் பிடித்தபோது தர்ஷன் தன் முகத்தையே பார்த்துவிட்டான். பஸ் நிறுத்தத்தை மறைத்துக் கட்டியிருந்த ஃபிளக்ஸில் அவன் ஆளுயரத்துக்கும் மேலாக நின்று சிரித்துக்கொண்டிருந்தான். காலடியில் பந்து. மூலையில் கைகூப்பியபடி பெரியப்பா சின்னுசாமி. தலைக்கு மேலே கொட்டை எழுத்தில், ‘ஐரோப்பா புகழ் அமெரிக்கக் கால்பந்து வீரரை எங்கள் பள்ளியின் நிரந்தரப் பயிற்சியாளராக வரவேற்கிறோம்.’

எழுத்துக்கூட்டிப் படித்தவனுக்கு ஒரு சொல் மட்டும் பிடிபடவில்லை.

“நிரந்தரம்னா என்னங்க பெரியப்பா?”

“பர்மனென்ட் சாமி,” என்றார் ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்த சின்னுசாமி, முகமெல்லாம் பெருமையாக.

 தர்ஷன் லீவுக்கு வந்தவன். ஒரு வாரம் பெரியம்மா கையால் சாப்பிட்டுவிட்டு, யோசித்து ஒரு முடிவெடுத்துக்கொண்டு கிளம்பிவிடலாம் என்று வந்தவன். அவனுக்காக இங்கே ஏற்கெனவே முடிவெடுத்து, பிரிண்ட் போட்டு, கம்பத்தில் கட்டியும் விட்டார்கள்.

எல்லாம் ஒரு சொல்லால் வந்த வினை. தர்ஷன் பிறந்து வளர்ந்தது ஒஹையோவில். அப்பா காளிதாஸ் கம்ப்யூட்டர் வேலைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டவர். அம்மா அவனுக்குத் தமிழ் எழுத்தைக் கற்றுக்கொடுத்தாளோ இல்லையோ, ஒன்றை மட்டும் மண்டையில் ஏற்றியிருந்தாள். பெரியவர்களிடம் பேசி முடிக்கும்போது ‘போறேன்’ என்று சொல்லக்கூடாது, அது அபசகுனம். ‘வாரேனுங்க’ என்றுதான் சொல்ல வேண்டும். போனை வைப்பதற்குக்கூட அவன் அதைத்தான் சொல்வான்.

போன மாதம் டென்மார்க்கில் அவன் ஆடிய கிளப் கடைசி ஆட்டத்தில் தோற்று, முதல் டிவிஷனிலிருந்து இரண்டாவதுக்கு இறங்கியது. மறுநாள் சின்னுசாமி வீடியோவில் வந்தார். “உட்றா சாமி. பேசாம இங்க வந்துரு. நம்ம இஸ்கூல்ல கிரவுண்டு போட்டுத் தாரேன். புள்ளைங்களுக்குப் பந்து சொல்லிக்குடு.” வாசலில் கிளப் வண்டி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. தர்ஷன் அவசரமாகச் சொன்னான்: “சரிங்க பெரியப்பா. வாரேனுங்க.”

அவன் போனை வைத்தான். அவர் வாக்கு வாங்கிக்கொண்டார்.

வீட்டில் பொன்னாத்தாள் பெரியம்மா அவனைச் சோற்றுக்கு முன்னால் உட்காரவைத்துத்தான் விசாரணையை ஆரம்பித்தாள். “டீமு எறங்கிருச்சுங்கறாங்களே, அப்படின்னா என்ன சாமி? ஏ செக்சன்ல இருந்து பி செக்சனுக்குத் தள்ளிப்போட்டாங்களாக்கும்?”

தர்ஷனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டென்மார்க் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதியதை அவள் ரசம் ஊற்றுகிற நேரத்தில் சொல்லி முடித்துவிட்டாள். “ஆமாங்க பெரிம்மா.”

“அமெரிக்காவுலயும் இப்படித் தள்ளுவாங்களா?”

“அங்க தள்ளறதே இல்லைங்க. தோத்தாலும் அதே எடத்துலதான் இருப்பாங்க.”

“அப்பறம் எதுக்கு அதைய உட்டுப்போட்டு, எறக்கி உடற ஊருக்குப் போனே?” என்றார் சின்னுசாமி. நியாயமான கேள்விதான். இருபது வயதில் உலகத்தையே ஜெயிக்கப் போகிறேன் என்று கிளம்பியதை இருபத்தொன்பது வயதில் தமிழில் எப்படிச் சொல்வது?

அவனுக்கு மிச்சமிருந்த வழிகள் ரொம்பக் குறைவு. பழைய கிளப்பிலேயே இருக்கலாம். ஆனால் புது கோச் சின்னப் பையன்களை வைத்துக்கொள்கிறார், இவன் பெஞ்சில் உட்கார்ந்து குளிரில் நடுங்க வேண்டியதுதான். இந்தியாவில் ஆடலாமென்றால், அமெரிக்க பாஸ்போர்ட் வைத்திருப்பவன் இங்கே வெளிநாட்டுக்காரன். வெளிநாட்டு இடங்களைக் கோல் அடிக்கிறவனுக்குக் கொடுப்பார்களே தவிர, வலது பக்கம் நின்று கோலைத் தடுக்கிறவனுக்கு வீணாக்க மாட்டார்கள். உருப்படியாக வந்தது ஒன்றே ஒன்று. அமெரிக்காவில், ஐயோவாவின் சோளக்காட்டு நடுவே ஒரு இரண்டாம் டிவிஷன் கிளப். வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டுமென்று ஏஜென்ட் மார்கஸ் சொல்லியிருந்தான். அதை விட்டால் ஆட்டம் முடிந்தது. இன்னும் இரண்டு மூன்று வருஷமாவது ஆட வேண்டும் என்று தர்ஷனுக்கு உயிர் துடித்தது.

சாயங்காலம் சின்னுசாமி அவனைக் கிரவுண்டுக்கு அழைத்துப் போனார். அவரும் நாலைந்து பேரும் பங்கு போட்டு நடத்துகிற ஹாஸ்டல் பள்ளிக்குப் பக்கத்திலேயே அவருடைய காடு. போன தடவை வந்தபோது தலைக்கு மேல் குச்சிக்கிழங்குச் செடி, அதாவது மரவள்ளி, நின்ற நிலம். இப்போது மொட்டையாக, ரோலர் ஓட்டி, சுண்ணாம்புக் கோடு போட்டுக் கிடந்தது. பிடுங்கிய செடிகள் ஓரத்தில் காய்ந்து குவிந்திருந்தன.

“கெழங்கு எங்கங்க பெரியப்பா?”

“எங்க சாமி கெழங்கு? இன்னும் வேரே பருக்கல. நீ வாரேன்னு சொல்லிப்போட்டியல்ல, ஒரே நாள்ல புடுங்கிப்போட்டேன்.”

கூட வந்திருந்த அவர் மகள் சௌந்தர்யா, அந்தப் பள்ளியிலேயே கெமிஸ்ட்ரி எடுப்பவள், வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள். தர்ஷன் கோல் போஸ்டில் கைவைத்தான். திருச்செங்கோட்டு ரிக் பட்டறையில், போர்வெல்லுக்கு இறக்குகிற கேசிங் பைப்பை வெட்டிப் பற்றவைத்து, வெள்ளை அடித்து, கான்கிரீட்டில் புதைத்திருந்தார்கள். தள்ளிப் பார்த்தான். இம்மியும் அசையவில்லை.

“ஆனை வந்து முட்டுனாலும் அசையாது,” என்றார் சின்னுசாமி.

அன்று முதல் தர்ஷன் சொல்லிப் பார்க்காத விதமில்லை. “எனக்கு இங்க இருக்க முடியாதுங்க” என்றான். “தெரியுஞ்சாமி, வெக்கை ஆகாது. மாடி ரூமுக்கு ஏசி போடச் சொல்லிட்டேன்” என்றார். “எனக்கு வேற வேலை இருக்குதுங்க” என்றான். “அது பாட்டுக்கு அது, இது பாட்டுக்கு இது” என்றார். ஒஹையோவுக்குப் போன் செய்தான். “அண்ணங்கிட்ட வாய் உட்டவன் நீதான?” என்று அப்பா கைகழுவிவிட்டார். அவனுடைய அரைகுறைத் தமிழில் வெளியே போகக் கதவே இல்லையோ என்று தோன்றியது. 

கடைசியில் சௌந்தர்யாதான் வழி சொன்னாள். “போறேன்னு சொல்லிருங்கண்ணா. இந்த ஊட்டுல அந்த வார்த்தைய யாரும் வாயில எடுக்க மாட்டாங்க. அதைய சொன்னாத்தான் அப்பாவுக்கு ஒறைக்கும்.”

வெள்ளிக்கிழமை மாலை கிரவுண்டு திறப்பு விழா. பிள்ளைகள் வரிசை வரிசையாக உட்கார்ந்திருக்க, சின்னுசாமி நாடாவை வெட்டினார்; பேசினார்; தம்பி மகனின் தோளில் கைபோட்டு மைக்கைக் கொடுத்தார். தர்ஷனின் பாக்கெட்டில் போன் அதிர்ந்தது. மார்கஸ்தான். தர்ஷன் அதை எடுக்கவில்லை. இப்போது விட்டால் எப்போதும் இல்லை என்று எண்ணி, பெரியப்பாவைப் பார்த்துச் சொன்னான்.

“பெரியப்பா, நான் போறேனுங்க.”

ஸ்பீக்கர் அதைக் காடு முழுக்கக் கொண்டுபோனது. முன் வரிசையில் பெரியம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். சின்னுசாமி அவன் கண்ணையே பார்த்தார். புரிந்துவிட்டது. அன்று வீடியோவில் சொன்ன வாரேனுக்கு என்ன அர்த்தம் என்பதும் அவருக்கு அந்த நிமிஷத்தில் புரிந்துவிட்டது என்பதை தர்ஷன் கண்கூடாகப் பார்த்தான். அவர் பார்வை ஓரத்தில் குவிந்திருந்த காய்ந்த செடிகள் மேல் போய்த் திரும்பியது. அவன் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார்.

பிறகு அவர் மைக்கைத் தன் பக்கம் இழுத்துச் சிரித்தார்.

“போறேன்னு சொல்லக்கூடாது சாமி. வாரேன்னு சொல்லோணும்.” கூட்டத்தைப் பார்த்தார். “அமெரிக்காவுல பொறந்த புள்ளைங்க. தமிழ் கொஞ்சம் தட்டுது.”

பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள்.

“எங்க, நல்லாச் சொல்லு,” என்றார். குரல் மைக்கில் கணீரென்று இருந்தது. கண்தான் கெஞ்சியது.

தர்ஷன் சௌந்தர்யாவைத் தேடினான். அவள் தலைகுனிந்திருந்தாள்.

“வாரேனுங்க,” என்றான்.

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. அதற்குள் போன் மறுபடி அதிர, அவன் கோல் போஸ்டுக்குப் பின்னால் ஒதுங்கி எடுத்தான். ஐயோவாவுக்கு வருகிறாயா இல்லையா, ஒரே சொல்லில் சொல் என்றான் மார்கஸ்.

வரவில்லை என்று தர்ஷன் சொன்னான். ஆங்கிலத்தில் அதைச் சொல்ல ஒரு நொடிகூட ஆகவில்லை.