குடவோலையும் கைதட்டலும்

எங்கள் தமிழ் மன்றத்துக்கு வைகை மன்றம் என்று பெயர். மராத்தி பேசும் ஊருக்குப் பிழைக்க வந்தவர்கள் நாங்கள்; இங்கே நிக்டிக்குப் பக்கத்தில் ஓடுவதென்னவோ பவனா நதி. அந்தப் பெயரை வைத்தால் தமிழ் தீட்டுப்பட்டுவிடும் என்று தலைவர் கோவிந்தராஜன் நினைத்தார் போலிருக்கிறது. மதுரைக்காரர். ஒன்பது வருடமாக அவர்தான் தலைவர். அந்த ஒன்பது வருடத்தில் தேர்தல் என்ற ஒன்றை நாங்கள் யாரும் கண்ணால் பார்த்ததில்லை. டிசம்பரில் பொதுக்குழு கூடும். செயலாளர் எழுந்து, "பழைய குழுவே தொடரலாம்" என்பார். எல்லோரும் கை தட்டுவார்கள். பக்கத்து அறையிலிருந்து சாம்பார் வாசனை வர வரக் கைதட்டல் பலமாக இருக்கும். முடிந்தது தேர்தல், போட்டாகிவிட்டது இலை.

இதே மனிதர் பொங்கல் விழாவுக்குப் பொங்கல் விழா மைக்கைப் பிடித்துக்கொண்டு, உலகத்துக்கே ஜனநாயகம் சொல்லிக்கொடுத்தவன் தமிழன் என்பார். உத்திரமேரூர்க் கல்வெட்டு என்பார். ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே ஊர்ச் சபைக்கு ஆள் எடுக்க ஓலையில் பெயர் எழுதி, குடத்தில் போட்டு, ஒன்றும் அறியாத ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொன்னார்கள், அதுதான் குடவோலை என்று நெஞ்சை நிமிர்த்துவார். அதற்கும் கைதட்டல்தான்.

நான் வனஜா. வாரநாட்களில் சிஞ்ச்வடில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆறு முதல் எட்டு வரை வரலாறும் குடிமையியலும் எடுக்கிறேன். குடிமையியல் என்பது வரலாற்றுப் புத்தகத்தின் வாலில் கட்டிவிட்ட பாடம். பிள்ளைகள் அதைப் பரீட்சைக்கு முந்தின நாள்தான் திறப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் மன்றத்து ஹாலில் தமிழ் வகுப்பு. அதற்குச் சம்பளம் கிடையாது. என் வாரத்தில் நான் விரும்பிப் போகிற ஒரே இடம் அது. வருகிற பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுவார்கள், வாசலைத் தாண்டினால் இந்தி, மராத்தி. படிக்கத் தெரியாது. பாடப் புத்தகத்தைக் கொடுத்தால் கொட்டாவி விட்டார்கள். அதனால் ஹால் சுவரில் பதித்திருந்த பளிங்குக் கல்லையே பாடமாக்கினேன். கட்டட நிதி கொடுத்த உறுப்பினர்களின் பெயர்கள் அதில் வரிசையாக இருந்தன. தெரிந்த அங்கிள்களின் பெயர்கள் என்பதால் பிள்ளைகள் போட்டி போட்டுக்கொண்டு வாசித்தார்கள். தருண் 'க்ஷ' கற்றுக்கொண்டது தலைவரின் மருமகன் லக்ஷ்மிநாராயணன் பெயரிலிருந்துதான்.

2003 அக்டோபரில் தலைவர் என்னைக் கூப்பிட்டார்.

"வனஜாம்மா, ஞாயித்துக்கிழம ஹால நம்ம மாப்பிள்ள கேக்குறாரு. கம்ப்யூட்டர் கிளாஸ் நடத்தணுமாம். பொதுக்குழுல தீர்மானம் வைக்கலாம்னு இருக்கோம்."

"அப்ப தமிழ் கிளாஸ், சார்?"

"அதத்தான் சொல்ல வர்றேன். அந்தக் கிளாஸால என்ன பிரயோஜனம்னு நாலு பேரு கேக்குறாங்க. பொதுக்குழு அன்னிக்குப் புள்ளைக ஒரு நாடகம் போடட்டும். நம்ம குடவோல. சபை அசந்து போச்சுன்னா தீர்மானத்த நானே ஒதுக்கி வச்சிர்றேன்."

அந்த நாலு பேர் யார் என்று எனக்குத் தெரியும். அவர், அவர் மகள், மருமகன், செயலாளர். கேட்டு என்ன ஆகப்போகிறது? தலையை ஆட்டிவிட்டு வந்தேன். வரும்போது கையில் ஒரு வீசிடியைத் திணித்தார்.

"மொதல்ல இதப் போட்டுக் காட்டுங்க. அரசாங்கம்னா என்னன்னு புள்ளைகளுக்குப் புரியட்டும். காவியம்மா இது. நான் ஏழு தடவ பாத்திருக்கேன்."

அந்தப் படத்தின் பெயரைச் சொல்லி அதற்குக் கௌரவம் தருவதாக இல்லை. கறுப்பு வெள்ளை. அட்டைத் தூண்கள். இளவரசன் வேடத்தில் இருந்தவருக்குத் தொப்பை இடைக்கச்சைக்கு மேலே ததும்பியது. அவர் ஏழை உழவனாக மாறுவேடம் போட்டார், அதாவது மீசையை எடுத்துவிட்டார், அவ்வளவுதான். பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியவில்லை. சபையில் நின்று மூச்சு விடாமல் வசனம் பேசினார். பிள்ளைகள் திரும்பித் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

"ஆன்ட்டி, க்யா போலா? என்ன சொன்னாரு?" என்றான் தருண்.

"அவருக்குக் கோபம்" என்றேன்.

"இத்னா போலா, இவ்ளோதான் மீனிங்கா?"

"இவ்வளவுதான்."

தலைவர் கடைசி வரிசையில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். பாதிப் படத்தில் அவரே தூங்கியும் போனார்.

ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். நடுவில் குடவோலைக் காட்சி வந்தது. இளவரசன் அதில் இல்லை, அதனாலேயே அது நன்றாக இருந்தது. ஓர் ஆள் நின்று விதிகளை வாசிக்கிறான், இன்னொருவன் விதிக்கு ஒவ்வாதவர் ஓலையை எடுத்து வீசுகிறான். பிள்ளைகள் முதுகை நிமிர்த்தினார்கள். நிறுத்தி நிறுத்தி நான் ஒவ்வொரு விதியையும் சொன்னேன். சொந்த நிலம் இருக்க வேண்டும். கடந்த மூன்று வருடத்தில் பதவியில் இருந்தவர் பெயரைப் போடக்கூடாது. கணக்குக் காட்டாதவர் பெயரைப் போடக்கூடாது, அவருடைய சொந்தக்காரர்கள் பெயரையும் போடக்கூடாது.

எட்டாம் வகுப்பு ஸ்ரீரஞ்சனி கையைத் தூக்கினாள். "ஆன்ட்டி, லேடீஸ் நேம் பானைக்குள்ள இல்லையா?"

"இல்ல."

"லேண்ட் இல்லாத ஆளு?"

"அவங்களும் இல்ல."

"ஃபிர் இது என்ன டெமாக்ரசி?"

அந்தக் கேள்வியைத் தலைவர் கேட்கவில்லை. குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். என் பள்ளிக்கூடத்தில் இத்தனை வருடத்தில் ஒரு பிள்ளை இப்படிக் கேட்டதில்லை. அன்றைக்கு எனக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது.

ஒத்திகைக்குத் தலைவர் வரவில்லை. கலையில் தலையிட மாட்டாராம். புத்தகத்துக்கு அட்டை போடுகிற பழுப்புத் தாளைப் பிள்ளைகள் ஓலை மாதிரி நீளமாக வெட்டினார்கள். என் வீட்டுச் செப்புக் குடத்தைக் கொண்டுபோனேன். ஓலையில் யார் பெயரை எழுதுவது? பழங்காலப் பெயர் ஒன்றும் அவர்களுக்குத் தெரியாது. தமிழில் தடையில்லாமல் எழுதத் தெரிந்த பெயர்கள் பளிங்குக் கல்லில் இருந்த பெயர்கள்தான். சுவரைப் பார்த்துப் பார்த்து அவற்றையே எழுதினார்கள். எழுதி முடித்துவிட்டு விதிகளை ஒவ்வொன்றாகப் பொருத்தினார்கள்.

"ஆன்ட்டி, லாஸ்ட் இயர் தலைவர் அங்கிள் கணக்கு காட்டினாங்களா?" என்றான் தருண்.

"இல்ல" என்றேன். காட்டவில்லை, இல்லை என்றேன். நாடகம் எங்கே போகிறது என்று புரிந்தது. நான் தடுக்கவில்லை. சபை அசந்து போக வேண்டும் என்றுதானே கேட்டார், போகட்டும்.

பொதுக்குழு அன்றைக்கு ஹால் நிறைந்திருந்தது. சாப்பாட்டில் வடை உண்டு என்று அழைப்பிலேயே போட்டிருந்தார்கள். செயலாளர் எழுந்து இரண்டு தீர்மானங்களை வாசித்தார். பழைய குழுவே தொடர வேண்டும் என்பது ஒன்று. ஞாயிற்றுக்கிழமைகளில் ஹாலைக் கம்ப்யூட்டர் வகுப்புக்குக் கொடுக்க வேண்டும் என்பது இன்னொன்று. "இதையெல்லாம் நாடகத்துக்கப்புறம் பாத்துக்கலாம்" என்று தலைவர் பெருந்தன்மையாகக் கையை அசைத்தார். என்னைப் பார்த்துப் புன்னகை வேறு.

தருண் வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மேடைக்கு வந்தான்.

"சென்ற மூன்று ஆண்டுகளில் பதவி வகித்தவர் பெயர் குடத்தில் இடப்படலாகாது!"

ஸ்ரீரஞ்சனி ஓலையை எடுத்து எழுத்தெழுத்தாக வாசித்தாள். "கோ... விந்... த... ரா... ஜன்." வீசி எறிந்தாள்.

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அப்புறம் எல்லோரும். செயலாளர் ஓலை போயிற்று, பொருளாளர் ஓலை போயிற்று, ஒவ்வொன்றுக்கும் சிரிப்பு.

"கணக்குக் காட்டாதவரும், அவர்தம் மகன், மருமகன், மைத்துனர் முதலானோரும் நீங்குக!"

"லக்ஷ்மிநாராயணன்!" என்றாள் ஸ்ரீரஞ்சனி. இந்தப் பெயரில் அவள் திக்கவே இல்லை.

பெண்கள் பக்கம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கியது. தலைவரும் சிரித்தார். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். அப்போதே நான் பயந்திருக்க வேண்டும்.

மிச்சம் இருந்த ஓலைகளைக் குடத்தில் போட்டுக் குலுக்கினார்கள். இருப்பதிலேயே சின்னவளான ப்ரீதி கண்ணை இறுக மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தாள். "அச்சுதன்!"

எழுந்தது கைதட்டல். அந்த ஹாலில் அப்படி ஒரு கைதட்டலை நான் கேட்டதில்லை. நானும் தட்டினேன், உள்ளங்கை எரியும்வரை தட்டினேன். என் வகுப்பு பிழைத்தது என்று நினைத்தேன். ஒன்பது வருடத்துக்கு அப்புறம் இவர்களுக்கு முதுகெலும்பு முளைத்துவிட்டது என்றுகூட நினைத்தேன்.

அச்சுதன் வங்கியில் அதிகாரி. மாடிப்படியில் நின்று தலைவரைத் திட்டுவதென்றால் முதல் ஆள் அவர்தான். இப்போது எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்ததும் முகம் வெளுத்துப்போய் இரண்டு கையையும் ஆட்டினார். "ஐயோ, நமக்கெதுக்கு சார் இதெல்லாம்? இயர் எண்டிங் வேற வருது" என்றார். சொல்லிவிட்டு, தான் எதிரி இல்லை என்று காட்டத் தலைவரைப் பார்த்துக் கை தட்டினார்.

தலைவர் மேடை ஏறினார். ப்ரீதியின் தலையைத் தடவினார். மைக்கை வாங்கினார்.

"தமிழன் ஜனநாயகத்த இத்தன அழகா இதுக்கு முன்னாடி யாரும் காட்டுனதில்ல. நீங்க தட்டுன தட்டுல கூரையே அதிர்ந்து போச்சு. நம்ம மன்றத்துல கைதட்டுன்னா என்ன அர்த்தம்னு எல்லாருக்கும் தெரியும். செயலாளர் வாசிச்ச ரெண்டு தீர்மானமும் உங்க முன்னாடிதான் இருக்கு. இதவிட ஒருமனதா எந்தச் சபையும் சொல்ல முடியாது. ரெண்டும் நெறவேறிருச்சு. ரொம்ப நன்றி."

நான் எழுந்தேன். "சார், அது பிள்ளைங்களுக்குத் தட்டினது!"

"புள்ளைக யாரும்மா? நம்ம புள்ளைகதான?" என்றார். எவ்வளவு கனிவு அந்தக் குரலில்! "நம்ம புள்ளைகளுக்குத் தட்டுனா நம்ம மன்றத்துக்குத் தட்டுன மாதிரி. என்ன சொல்றீங்க?"

என்ன சொல்வார்கள்? தட்டினார்கள். சிரித்த அதே முகங்கள், அதே கைகள். சிலருக்குக் கூச்சம், பலருக்குப் பசி. என்னைப் பார்த்தால் தட்ட முடியாது என்பதால் தரையைப் பார்த்துத் தட்டினார்கள். "சாப்பாடு ரெடி" என்று யாரோ குரல் கொடுத்ததும், ஆயிரம் வருஷத்து ஜனநாயகம் பந்திக்கு இடம் பிடிக்க ஓடியது.

ப்ரீதி இன்னும் அந்த ஓலையைக் கையில் வைத்துக்கொண்டு மேடையில் நின்றாள். நான் போய் அவளை இறக்கினேன்.

"கிளாப் பண்ணா வோட்டா, ஆன்ட்டி?"

"போய்ச் சாப்பிடு" என்றேன். குடிமையியல் ஆசிரியை சொன்ன பதில் அது.

"நானும் கிளாப் பண்ணேன்" என்றாள். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எனக்கும்தான்.

வகுப்பு நான் குடியிருக்கும் கட்டடத்துப் பார்க்கிங்குக்கு மாறியது. ஸ்கூட்டர்களுக்கு நடுவில் ஜமுக்காளம் விரித்துப் பார்த்தேன். தூசியென்று சில அம்மாக்கள் அனுப்புவதை நிறுத்தினார்கள். கம்ப்யூட்டர் படித்தாலாவது ஹடப்சர் பக்கம் ஐ.டி. கம்பெனியில் வேலை கிடைக்கும் என்று சிலர் பிள்ளைகளை அங்கேயே சேர்த்துவிட்டார்கள். வாசிக்கச் சுவரில் பெயர்கூட இல்லாத இடத்தில் நான் வண்டி நம்பர் பிளேட்டுகளையா வைத்துப் பாடம் நடத்துவது?

பொங்கல் கழிந்து கம்ப்யூட்டர் வகுப்புத் திறப்பு விழா. என் பிள்ளைகள்தான் தமிழ்த்தாய் வாழ்த்துப் பாட வேண்டும் என்று தலைவரிடமிருந்து ஆள் வந்தது. போகாமல் இருந்திருக்கலாம். போனேன். நானும் இந்த மன்றத்து ஆள்தானே.

பாடி முடித்துவிட்டுப் பிள்ளைகள் என்னைச் சுற்றி உட்கார்ந்தார்கள். பளிங்குக் கல்லுக்கு முன்னால் மேஜைகளை அடுக்கி, மேலே கம்ப்யூட்டர்களை வைத்திருந்தார்கள். பாதிப் பெயர்கள் மறைந்துபோயிருந்தன. லக்ஷ்மிநாராயணன் குத்துவிளக்கை ஏற்றினார். தலைவர் மைக்கைப் பிடித்துத் தமிழன் கணக்கில் புலி என்று தொடங்கினார். ஹால் முழுக்கக் கைதட்டல். அச்சுதன் முதல் வரிசையில் இருந்து தட்டினார்.

பழக்கதோஷம், என் கைகளும் எழுந்துவிட்டன. ப்ரீதி எட்டி என் மணிக்கட்டைப் பிடித்தாள். இரண்டு கையாலும் அதைக் கீழே இறக்கி என் மடியிலேயே வைத்து அழுத்திக்கொண்டாள். அப்போதுதான் பார்த்தேன். தருணும் ஸ்ரீரஞ்சனியும் மற்றப் பிள்ளைகளும் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்திருந்தார்கள்.

"தட்டாதீங்க ஆன்ட்டி" என்றாள் ப்ரீதி. "அங்கிள் எண்ணிட்டு இருக்காரு."