காளவாயில் அளந்த கைகள்

வைகறையில் துயிலெழும் ஊர்கள் பலவற்றை நீங்கள் கண்டிருப்பீர்கள். ஆனால் உறங்கிற்றா விழித்ததா என்று பிரித்தறிய இயலாதவாறு, இரவும் பகலும் ஒரே புகைக்குள் கிடக்கும் செங்கற்காளவாயைப் பெரும்பாலும் வண்டியில் கடந்து செல்கையில், மூக்கைப் பொத்திக்கொண்டுதான் கண்டிருப்பீர்கள். அத்தகைய காளவாய் ஒன்றன்மேல் கதிரவன் எழுந்துகொண்டிருந்தான். நெடிய புகைபோக்கி கக்கிய கரும்புகை, வானத்தில் ஏறமாட்டாமல் சாய்ந்து, அறுத்து அடுக்கிய பச்சைக் கற்களின்மீதும், மண் குழைக்கும் குட்டைகளின்மீதும், தகரக்கூரை வேய்ந்த ஐந்து வரிசைக் குடில்களின்மீதும் படிந்து, எல்லாவற்றிற்கும் ஒரே சாம்பல் நிறத்தைப் பூசியிருந்தது. ஊரில் எழும் மாளிகைகளுக்கெல்லாம் கல் கொடுத்த அவ்விடத்தில் கல்லால் கட்டிய வீடு ஒன்றுகூட இல்லை. இதைச் சொல்லும்போதே எனக்குச் சினம் மூள்கிறது. பொறுத்தருளுங்கள், கதைக்கு வந்துவிடுகிறேன்.

வாரத்தில் ஒருநாள் அங்கே வந்துபோகும் பெண்ணொருத்தியைக் குடில்வாழ் மகளிர் ‘அளவுக்காரம்மா’ என்று அழைத்தனர். அவள் கையிலிருந்த கருவி, ஒரு முழத்திற்கும் குறைந்த மெல்லிய பட்டை ஒன்றுதான். குழந்தையின் இடக்கையில், தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே அதைச் சுற்றி, இறுக்காமலும் தளர்த்தாமலும் பிடித்து, பட்டையிலுள்ள சிறு துளையில் எந்நிறம் தெரிகிறதென்று பார்ப்பாள். பச்சை தெரிந்தால் குழந்தை நலம்; கை மெலிய மெலிய நிறம் சிவப்பை நோக்கி நகரும். சிவப்பு தெரிந்தால் உயிருக்கு இடர்; அக்குழந்தைக்கு மட்டும் நாளொன்றுக்கு இரண்டாக, வாரத்திற்குப் பதினான்கு பொட்டலம் நிலக்கடலை விழுது கிடைக்கும். இரண்டுக்கும் இடைப்பட்ட மஞ்சளுக்குரியது அறிவுரை மட்டுமே. அது வயிற்றை எவ்வளவு நிரப்பும் என்பதை நான் சொல்லித்தான் நீங்கள் அறியவேண்டுமென்பதில்லை.

முதல் வரிசையில் கல் அறுப்பவள் ஒருத்தி மூன்று பிள்ளைகளுடன் வாழ்ந்துவந்தாள். அவளுடைய கடைக்குட்டி ஆறு வாரமாகப் பொட்டலம் பெற்றும், சிவப்பைவிட்டு இம்மியும் நகரவில்லை. தாய் அவற்றை விற்றுவிடுகிறாளோ என்று அளவுக்காரம்மா ஐயுற்றாள். ஒருமுறை பலர் நடுவே வாய்விட்டுக் கடிந்தும்கொண்டாள். கல் அறுப்பவளோ தலை குனிந்து நின்றாள். அடுத்த வாரம், குறித்த நேரத்திற்கு முன்பாகவே வந்த அளவுக்காரம்மா, குடிலின் வாயிலில் ஒரு காட்சியைக் கண்டு அப்படியே நின்றுவிட்டாள். கல் அறுப்பவள் ஒரு பொட்டலத்தைக் கிழித்து, மூன்று பிள்ளைகளின் உள்ளங்கைகளிலும் ஒரே அளவாகப் பிதுக்கிக்கொண்டிருந்தாள். தன் விரலில் ஒட்டியதைக்கூடத் தான் நக்காமல், கடைக்குட்டியின் நாவில் தடவினாள்.

“ரெண்டு புள்ளைங்க வாயப் பாத்துக்கிட்டு நிக்கும்போது, ஒண்ணுக்கு மட்டும் எப்படிம்மா ஊட்டுறது? நீங்களா இருந்தா ஊட்டுவீங்களா?” என்று அவள் கேட்டாள்.

மூத்தவை இரண்டும் மஞ்சள் என்பதை அளவுக்காரம்மா அறிவாள். ஒவ்வொரு வாரமும் தன் பெட்டியில் இரண்டு மூன்று குழந்தைகளின் பங்கு எஞ்சித் திரும்புவதையும் அறிவாள். வீணே திரும்புவதை இங்கே கொடுத்தால் யாருக்கு என்ன குறைந்துவிடப்போகிறது என்று அவள் நெஞ்சம் வழக்காடிற்று. மூத்தவன் கையில் பட்டையைச் சுற்றினாள்; சுண்டுவிரலால் அதன் நுனியைச் சற்றே இழுத்தாள். மஞ்சள் நழுவிச் சிவப்பு வந்தது. இரண்டாமவளுக்கும் அவ்வாறே செய்தாள். அவ்வளவுதான் அவள் செய்த குற்றம்; அதைச் செய்கையில் அவள் கண்கள் கலங்கியிருந்தன என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

மூன்று வாரங்களில் அக்குடிலின் முகமே மாறிற்று. எந்நேரமும் சுவரில் சாய்ந்து கிடந்த கடைக்குட்டி, எழுந்து நடந்து, கோழியைத் துரத்தி, மண் குட்டையில் விழுந்து, அடியும் வாங்கினான். மூத்தவனோ அளவுக்காரம்மாவைக் கண்டதும் சட்டைக்கையைத் தானே சுருட்டிவிட்டு, “நல்லா இறுக்குங்க, எனக்கு வலிக்காது” என்று உரக்கச் சொல்ல, அவள் திடுக்கிட்டு அவன் வாயைப் பொத்தும்படி ஆயிற்று. தாயும் அவளும் அன்று வயிறு வலிக்கச் சிரித்தனர். பல ஆண்டுகளாக எண்களை மட்டுமே வீட்டுக்குச் சுமந்து சென்றவள், அன்று மகிழ்ச்சியைச் சுமந்து சென்றாள்.

நான்காம் வாரம், வேறொரு காளவாயிலிருந்து பிழைப்புத் தேடி வந்த குடும்பங்கள் கடைசி வரிசையில் குடியேறியிருந்தன. வழக்கம்போல முதல் வரிசையில் தொடங்கி, இழுக்கவேண்டிய இடத்தில் இழுத்து, கொடுத்துக்கொண்டே சென்ற அளவுக்காரம்மா, கடைசிக் குடிலை அடைந்தபோது பெட்டி காலியாயிருந்தது. அங்கே மண் சுமக்கும் பெண்ணொருத்தி, இரண்டு வயதுப் பெண்குழந்தையை மடியில் கிடத்தி அமர்ந்திருந்தாள். ஈ மொய்த்தாலும் ஓட்டக் கையெழாத குழந்தை அது. பட்டையை இழுக்கவேண்டிய தேவையே இருக்கவில்லை. தொட்டவுடனே ஆழ்ந்த சிவப்பு தெரிந்தது.

முதல் வரிசைக்குத் திரும்பி நடந்து, கொடுத்ததில் ஒரு பங்கைக் கேட்டு வாங்கி வந்திருக்கலாம். இருநூறு அடி தொலைவுதான். ஆனால் கேட்டால் செய்தது வெளிப்பட்டுவிடுமே என்னும் நாணமும், கொடுத்ததைப் பிடுங்குவதா என்னும் கூச்சமும் அவள் கால்களைக் கட்டின. மருத்துவமனைக்குக் கொண்டு போகும்படி சொன்னாள். ஒருநாள் வேலைக்குப் போகாவிட்டால் குடிலைக் காலி செய்யச் சொல்வார்கள் என்றாள் அத்தாய். அடுத்த வாரம் கட்டாயம் தருகிறேன் என்று உறுதி கூறி, அளவுக்காரம்மா வண்டியேறினாள்.

அடுத்த வாரம் அவள் முதலில் சென்றது கடைசி வரிசைக்குத்தான். பதினான்கு பொட்டலங்களையும் தனியே எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நடந்தாள். குடில் வாயிலில் தாய் அமர்ந்திருந்தாள், மடி வெறுமையாயிருந்தது. வயிற்றுப்போக்கு கண்டு இரண்டே நாள் என்றும், அளவுக்காரம்மா வந்துபோன ஐந்தாம் நாள் விடியலில் மூச்சு அடங்கிவிட்டது என்றும், குளிர்ந்துபோன அடுப்பைப் பார்த்தபடியே அவள் சொன்னாள்.

அளவுக்காரம்மா மண்ணில் அமர்ந்துவிட்டாள். சொல்லாமல் எழுந்து போயிருந்தால் எவரும் அறிந்திருக்கமாட்டார். ஆயினும் அவள் சொன்னாள்: பட்டையை இழுத்ததையும், பெட்டி காலியானதையும், இருநூறு அடி நடக்காததையும், ஒன்றையும் மறைக்காமல், தன்னை ஒறுத்துச் சொன்னாள். தாய் முழுவதையும் கேட்டாள். வசைமொழி வருமென்று தலை குனிந்திருந்தவளின் செவியில் விழுந்தது வேறொரு கேள்வி.

“அந்தப் புள்ளைங்க தின்னுச்சா?”

“தின்னுச்சும்மா. எழுந்து ஓடுதுங்க.”

தாய் குடிலுக்குள் திரும்பிக் கூப்பிட்டாள். நான்கு வயதுள்ள மூத்த மகள் வெளியே வந்து அன்னையின் தோளைப் பற்றிக்கொண்டு நின்றாள். தாய் அவளுடைய இடக்கையைப் பிடித்து நீட்டினாள்.

“இவ கையையும் அளந்து பாருங்க. இறுக்காம அளங்க.”

அளவுக்காரம்மா அளந்தாள். வாழ்நாளில் அவ்வளவு நேர்மையாக அவள் அளந்ததில்லை. மூச்சையும் அடக்கிக்கொண்டு, நுனியை விரல் தீண்டாதவாறு பிடித்தாள். துளையின் விளிம்பில், சிவப்பை உரசிக்கொண்டு, மஞ்சள் நின்றது. பொட்டலங்கள் பக்கத்திலேயே இருந்தன. அளக்கப்படாத நான்கு வரிசைகளும் அவள் கண்முன் விரிந்தன. அவற்றில் எத்தனை சிவப்போ, யார் அறிவார்?

“என்ன நெறம்?”

“மஞ்சள்.”

“அப்போ குடுக்கமாட்டீங்க.”

அளவுக்காரம்மா ‘முடியாது’ என்று தலையை மட்டும் அசைத்தாள்.

“இன்னும் எவ்வளவு மெலியணும்?” என்று தாய் கேட்டாள். அதில் சினமில்லை, ஏளனமில்லை. அடுத்த ஊர் எவ்வளவு தொலைவு என்று வழிப்போக்கன் கேட்பதுபோலக் கேட்டாள்.

அளவுக்காரம்மா மெய்யையே சொன்னாள். “ஒரு நூலளவு.”

பொய்யாக அளந்தபோது ஒரு குழந்தை மாண்டது. மெய்யாக அளந்தபோதோ, இன்னும் சற்று மெலிந்து வா என்று மற்றொரு குழந்தைக்குச் சொல்லவேண்டியதாயிற்று. பெட்டி ஏன் இத்துணைச் சிறிதாயிற்று என்பதை, அதைச் சுமந்து வந்தவளிடம் கேட்டுப் பயனில்லை. கல் வீட்டில் அமர்ந்து இதைப் படிக்கும் நீங்களும், எழுதும் நானும்தான் விடை சொல்லவேண்டும். தாய் பட்டையைத் தானே அவிழ்த்துக் கொடுத்து, மகளின் சட்டைக்கையை இறக்கிவிட்டு, அவளை அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டு, மண் சுமக்கப் போனாள்.