பச்சை யானையின் கால்

ஒன்பது வருடமாக இந்தக் கல்லூரி ஆய்வுக்கூடத்தின் எக்ஸ்ரே அறையில் நான் தற்காலிகம். அதற்குள் மெஷினையே இரண்டு தடவை மாற்றிவிட்டார்கள். என் நிரந்தர உத்தரவு துறைத்தலைவர் மேஜையில் கையெழுத்துக்காகக் கிடக்கிறது. இந்த மாதத்துக்குள் போடாவிட்டால் நான் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

வேலை ஒன்றும் மந்திரமில்லை. பொடியைத் தட்டில் வைத்து எக்ஸ்ரேயைப் பாய்ச்சினால், உள்ளே அணுக்கள் அடுக்கியிருக்கும் விதத்துக்கு ஏற்ப கதிர் சில கோணங்களில் மட்டும் பலமாகத் திரும்பி வரும். தாளில் அது முகடு முகடாக எழும்பும். ஒவ்வொரு பொருளுக்கும் அது கைரேகை மாதிரி.

தட்டு உடைந்து எட்டு மாதமாகிறது. புதுசு கேட்டு மூன்று கடிதம் எழுதினேன். "இருக்கறத வச்சு சமாளிம்மா" என்றார் தலைவர். சமாளித்தேன். என் மகள் பொம்மைக் களிமண்ணில் செய்த பச்சை யானையின் ஒரு காலைப் பிய்த்து வந்து, கண்ணாடித் துண்டில் அப்பி, அதன்மேல் தலைவர் தன் ஆராய்ச்சிக்காகத் தயாரித்திருந்த பொடியைத் தூவினேன்.

வந்தது வினை! தாளில் எதிர்பார்க்காத மூன்று முகடுகள். "புதுப் பொருள்!" என்று தலைவர் குதித்தார். அதற்குத் தன் பெயரையே வைத்தார். இன்று மாலை பெரிய மனிதர்கள் முன்னால் அறிவிக்கப்போகிறார்.

எனக்குச் சந்தேகம் களிமண் மேல்தான். காலையில் மிச்ச யானையையும் பையில் போட்டு எடுத்துவந்து, பொடியே இல்லாமல் அதில் கிள்ளிய வெறும் களிமண்ணை மெஷினில் ஓட்டினேன். அதே மூன்று முகடு, அதே இடத்தில். கணினி தயங்காமல் 'சுண்ணாம்பு' என்றது.

வாயை மூடிக்கொண்டிருந்தால் கையெழுத்து. ஆனால் பாழாய்ப்போன என் வாய் சும்மா இருக்குமா?

"சார், அது உங்க பொடி இல்ல. எம் பொண்ணோட களிமண்ணு. அதுல இருக்கறது வெறும் சுண்ணாம்பு."

தலைவர் தாளையே வெறித்தார். தொலைந்தேன் என்று நினைத்தேன். திடீரென்று அவர் முகம் மலர்ந்தது.

"அப்போ களிமண்ணுலயும் நம்ம பொருள் இருக்கு!"

"மெஷினே சுண்ணாம்புன்னு சொல்லுது, சார்."

"அதுதாம்மா அதிசயம். மெஷினையே ஏமாத்துது பாரு!" உத்தரவை இழுத்துக் கையெழுத்துப் போட்டார். "உன்ன மாதிரி ஆளுதான் எனக்கு வேணும். அந்தக் களிமண்ணு இன்னும் இருக்கா?"

இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம். இரண்டு தடவை சொல்லியாயிற்றே! பையைத் திறந்து மூன்று கால் யானையை அவர் மேஜையில் வைத்தேன். வெட்கமாக இருந்தது. ஆனாலும் உத்தரவை மறக்காமல் எடுத்துக்கொண்டேன்.

வீட்டில் மகள் கட்டிலுக்கு அடியில் தேடிக்கொண்டிருந்தாள். "அம்மா, என் யானைய நீ எடுத்தியா?"

"இல்லடி கண்ணு" என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் அது பொய் என்று எனக்கே உறைத்தது.